இருக்கை தந்தால் போதுமா?

பூர்வகுடிப் பெண்களுக்குச் சில பணியிடங்களை ஒதுக்கிவிட்டு, அதையே பல்கலைக்கழகத்தின் மாற்றம் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித், 1999இல் வெளியிட்ட நூலில், காலனியத்தோடு பின்னிப் பிணைந்த ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லே பூர்வகுடி மக்களுக்கு அருவருப்பூட்டுவதாக எழுதி, அறிவு யாருக்காக, யாருடைய நலனுக்காகத் திரட்டப்படுகிறது என்று கேட்டார்.

கனடாவின் வின்னிபெக், லேக்ஹெட் பல்கலைக்கழகங்கள் 2016இல் பூர்வகுடிகளைப் பற்றிய பாடத்தை இளநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கின, நல்லதுதான். ஆனால் அத்தகைய பாடத்தை நடத்துவது, குழுக்கூட்டங்களில் ‘பிரதிநிதி’யாக அமர்வது, கலங்கி வரும் மாணவிக்காக மாலையிலும் அறைக்கதவைத் திறந்து வைத்திருப்பது, சமூகத்தின் மூத்த பெண்களை வகுப்புக்கு அழைத்து வருவது எல்லாம் பெரும்பாலும் பூர்வகுடிப் பேராசிரியைகளின் தலையிலேயே விழுகின்றன. பதவி உயர்வுப் படிவமோ (அதை வடிவமைத்தவர்கள் வேறு யாரோ) முதலில் கட்டுரைகளின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது.