“ஸ்டாப்! மூன்று மணிப் பக்கம் கரடி!” – அலாஸ்காவின் ஆறுகளோடு ஒரு பயணம்

அலாஸ்கா என்றதும் பலருக்குக் கப்பல் பயணமும் கடலில் இடிந்து விழும் பனிச்சுவரும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு உள்நாட்டுக்குள் போனோம். ஆங்கரேஜில் ரயிலேறி டால்கீட்னா, டெனாலி, நெனானா வழியாக ஃபேர்பேங்க்ஸ் வரை, ஏறக்குறைய முழுக்க ஆறுகளை ஒட்டியே. பள்ளிப் பிள்ளைகள் முதல் கைத்தடி ஊன்றிய பாட்டி வரை ஒரு பஸ் நிறையத் தமிழ்ச் சனம். காட்டுக்கு இவ்வளவு கூட்டத்தோடு போவார்களா என்று சிலர் கேட்டார்கள். இந்தக் காட்டுக்குக் கூட்டமாகத்தான் போக வேண்டும் என்று இப்போது அடித்துச் சொல்வேன். காரணம் டெனாலியில் தெரிந்தது; அதற்கு வருகிறேன்.

முதலில் ரயில். ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்குப் பகல் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம். 1923இல் அமெரிக்க அதிபர் ஹார்டிங் நெனானாவுக்கே வந்து தங்க ஆணி அடித்து நிறைவு செய்த பாதை. டால்கீட்னா தாண்டியதும் சுசிட்னா ஆற்றங்கரையில் சாலையே கிடையாது. அங்கே குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்காக இன்றும் ஒரு ரயில் ஓடுகிறது; தண்டவாளத்தருகே நின்று கை காட்டினால் நிற்கும், மூட்டை முடிச்சோடு ஏறிக்கொள்ளலாம். இதைக் கேட்ட எங்கள் பிள்ளைகள், எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து யார் கை காட்டுவார்களோ என்று ஜன்னலை விட்டு நகரவில்லை. ஹரிக்கேன் கல்ச் பாலத்தில் ரயில் வேகத்தைக் குறைத்தது. கீழே 296 அடி ஆழத்தில் ஓடை. அதுவரை நடந்துகொண்டிருந்த அந்தாக்ஷரி அங்கே பாதிப் பாட்டில் நின்றது.

டால்கீட்னா சின்ன ஊர். சுசிட்னா, சுலிட்னா, டால்கீட்னா என்று மூன்று ஆறுகள் சேருமிடம். டெனாலி சிகரம் ஏறுகிறவர்கள் இங்கே வனக்காவலர் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, சிறு விமானத்தில் பனியாற்றில் போய் இறங்குகிறார்கள். நாங்கள் ஆற்றங்கரைச் சரளைக் கல்லில் நின்றபடியே சிகரத்தைப் பார்த்தோம். ஊர் கடல் மட்டத்திலிருந்து நானூறு அடிகூட உயரமில்லை. எதிரே 20,310 அடி வெண்மலை. எவரெஸ்ட் இதைவிட உயரம்தான், ஆனால் அது ஏற்கெனவே உயர்ந்த பீடபூமியின் மேல் நிற்கிறது. டெனாலி தாழ்நிலத்திலிருந்து ஒரேயடியாக எழும்புகிறது. அதனால் மேகம் என்று நினைத்து நாம் பார்க்கும் உயரத்துக்கும் மேலே மலை தொடர்கிறது. 1913இல் இதன் உச்சியில் முதலில் கால் வைத்தவர் வால்டர் ஹார்ப்பர், இந்த மண்ணின் அதபாஸ்கன் பழங்குடித் தாய்க்குப் பிறந்த இருபது வயது இளைஞர். தலைமை தாங்கிப் போனவர்களுக்கு முன்னால் அவர் போய் நின்றார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, டெனாலி தேசியப் பூங்கா. உள்ளே போகும் சாலை 92 மைல். கோடையில் சொந்த வண்டிக்கு முதல் 15 மைல்தான் அனுமதி. அதற்கப்பால் பூங்கா பஸ்தான், மண் சாலைதான். 2021 ஆகஸ்டில் பாதி வழியில் மலைச்சரிவே சாலையோடு நகரத் தொடங்கியதால் அதற்கப்பால் மூடிவிட்டார்கள். அடியில் உறைந்து கிடந்த மண் இளகியதுதான் காரணம். நாங்கள் போனபோது பஸ் 43ஆவது மைலோடு திரும்பிவிட்டது. அது குறையாகவே தெரியவில்லை.

பஸ் கிளம்பியதும் ஓட்டுநர் அம்மா விதிகளைச் சொன்னார். சாலையைப் பார்த்தபடி வண்டி ஓட்டுவது அவர் வேலை. விலங்கைப் பார்ப்பது எங்கள் வேலை. எதையாவது கண்டால் “ஸ்டாப்!” என்று கத்த வேண்டும். பஸ்ஸின் மூக்கு பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது; எந்தத் திசை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வண்டி நின்ற நொடியிலிருந்து மூச். கை, கேமரா எதுவும் ஜன்னலுக்கு வெளியே போகக் கூடாது.

அப்போதுதான் கூட்டத்தின் அருமை புரிந்தது. அந்த வெளி அவ்வளவு பெரியது. ஒருவர் கண்ணுக்கு அதில் ஒன்றும் அகப்படாது. எண்பது கண்கள் பங்கு போட்டுக்கொண்டு தேடினால் அகப்படும். பிள்ளைகள் சாலையோரப் புதரைப் பார்த்தார்கள். வில்லோப் புதரடியில் பழுப்பும் வெள்ளையுமாக டார்மிகன் பறவை, அலாஸ்காவின் மாநிலப் பறவை, கிடைத்தது. தொலைநோக்கி வைத்திருந்த கணக்கு வாத்தியார் மலைமுகட்டில் வெள்ளைப் புள்ளிகளை எண்ணினார், டால் ஆடுகள். இந்த ஆடுகளை வேட்டையிலிருந்து காப்பாற்றத்தான் 1917இல் பூங்காவே உருவானது.

கரடியைக் கண்டுபிடித்தது பாட்டி. “அங்க ஒரு பாறை அசையுதே, தம்பி” என்றார் பக்கத்து இருக்கைப் பையனிடம். அவன் எழுந்து “ஸ்டாப்! த்ரீ ஓ க்ளாக்!” என்று போட்ட சத்தத்தில் பஸ்ஸே குலுங்கியது. தாய்க் கரடியும் இரண்டு குட்டிகளும். கிரிஸ்லி என்றதும் இறைச்சி கிழிக்கும் கரடியைக் கற்பனை செய்திருந்தோம். இது ஆடு மேய்வதைப் போலப் புல் மேய்ந்தது. டெனாலிக் கரடிகளுக்குப் பெரும்பகுதி உணவு வேரும் புல்லும் பழமும்தான். தாய் முன்னங்கால் நகத்தால் மண்ணைப் புரட்டி, ஒரு வேரை இழுத்து, மண்ணை உதறி மென்றது. தோள் திமிலில் ரோமம் காற்றுக்குப் பிரிந்து பிரிந்து மூடியது. ஒரு குட்டி இன்னொன்றைச் சரிவில் உருட்டிவிட்டது. பஸ்ஸுக்குள் அவ்வளவு பேர் இருந்தும் சத்தமில்லை. கால்மணி நேரம் கழித்து வண்டி நகர்ந்த பிறகு கிளம்பியதே ஒரு ஆரவாரம், அதைச் சொல்லி மாளாது. பாட்டிக்குக் கைதட்டல்.

டெக்லனிகா ஆற்றுப் பாலத்தில் இறக்கிவிட்டார்கள். ஆற்றின் அகலம் முழுக்கச் சரளைப் படுகை. அதில் பத்துப் பன்னிரண்டு ஓடைகள் பிரிந்தும் சேர்ந்தும் சாம்பல் நிறத்தில் ஓடின. மேலே பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்புகிறது. அத்தனையையும் ஆற்றால் சுமக்க முடியாமல் வழியில் போட்டுவிட்டு, போட்டதே தடையாகி, புது வழி தேடிக்கொள்கிறது. நேற்று ஓடிய இடத்தில் இன்று ஓட வேண்டுமென்று அதற்குக் கட்டாயமில்லை. ஒரு புட்டியில் மொண்டு வைத்தோம், நெடுநேரமாகியும் தெளியவில்லை.

நெனானாவில் கொஞ்ச நேரம்தான், ஆனால் கதை நிறைய. ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த டனானா ஆற்றின்மேல் ஒரு மர முக்காலி நிறுத்துகிறார்கள். வசந்தத்தில் பனி உடைந்து அது நகரும் நாள், மணி, நிமிடம் எல்லாம் சரியாகச் சொல்பவருக்குப் பரிசு. 1917இல் ரயில் பாதை போட வந்தவர்கள் 800 டாலர் பந்தயமாகத் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. 1925 ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது மருந்து ரயிலில் வந்திறங்கியதும் இங்கேதான். அங்கிருந்து 674 மைல், இருபது ஓட்டிகள் மாற்றி மாற்றி, நாய்வண்டியில் ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தார்கள்.

ஃபேர்பேங்க்ஸில் டிஸ்கவரி என்னும் துடுப்புச் சக்கரக் கப்பலில் சேனா ஆற்றில் போனோம். பழுப்புத் தெளிவான சேனா, சாம்பல் நிற டனானாவில் கலக்குமிடத்தில் இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமலே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கரையில், இடிடராட் என்னும் நாய்வண்டிப் பந்தயத்தை நான்கு முறை வென்ற சூசன் புட்சரின் நாய்ப் பண்ணை. நாய்களைக் கண்டதும் எங்கள் கூட்டம் போட்ட கூச்சலை நாய்களின் கூச்சல் அமுக்கிவிட்டது. இழுக்கப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் அவை நிலைகொள்ளாமல் குதிக்கின்றன.

அப்புறம் அதபாஸ்கன் இளம்பெண் ஒருவர் சால்மன் மீனை அறுத்துக் காயவைக்கும் விதத்தைக் காட்டினார். வால் பிரியாமல் இரு பக்கமும் பிளந்து, சதையில் குறுக்குக் கீறல் போட்டு, கொம்பில் தொங்கவிடுகிறார்கள். எங்கள் பெண்கள் கத்தி பிடிக்கும் கோணம் வரை கேட்டுவிட்டார்கள். டனானா போய்ச் சேருவது யூகான் ஆற்றில். அங்கே சினூக் சால்மன் அடியோடு குறைந்துபோக, 2024இல் அலாஸ்காவும் கனடாவும் ஏழு ஆண்டுகளுக்கு அதைப் பிடிப்பதை நிறுத்த ஒப்பந்தம் போட்டன. தலைமுறைகளாக இந்த மீனை நம்பி வாழ்ந்த ஆற்றங்கரைக் கிராமங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. அலாஸ்கா போகிறவர்கள் கரடியை மட்டும் விசாரிக்காமல் இதையும் விசாரிக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். பூங்கா பஸ்ஸுக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். போகும்போது இடப்பக்கம் உட்கார்ந்தால் சிகரம் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் மேகம் விட்டால்தான். கொசுவுக்கு முகவலை அவசியம்.

கண்பட்டையும் எடுத்துப் போங்கள். ஜூன் கடைசியில் ஃபேர்பேங்க்ஸில் சூரியன் ஏறக்குறைய 22 மணி நேரம் இருக்கிறது. 1906இலிருந்து அங்கே கோடையின் மிக நீண்ட நாளில் விளக்கே போடாமல் நள்ளிரவு பேஸ்பால் ஆடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு விடுதிக்குப் பின்னால் கிரிக்கெட் தொடங்கினார்கள். இரவு பதினொன்றரைக்குக் கணக்கு வாத்தியார் பந்து போட வந்தார், பாட்டி நாற்காலி போட்டு நடுவராக உட்கார்ந்துவிட்டார்.