அக்குள் ஓரத்துத் தடிப்பும் கருநீலத் துணியும்

தடிப்பும் அரிப்பும் வந்தால் முதலில் சோப்புத்தூளைத்தான் மாற்றுகிறோம். பெரும்பாலும் வீண் வேலை. தடிப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணாடியில் பாருங்கள். அக்குள் குழிக்குள் என்றால் டியோடரன்ட் மேல் சந்தேகப்படலாம். குழி சுத்தமாக இருந்து, சுற்றியுள்ள மடிப்பு ஓரங்கள் சிவந்திருந்தால் துணிதான். உள்தொடையும் முழங்காலின் பின்பக்கமும் அப்படியே. தொப்புளுக்குக் கீழே காசளவு தடிப்பு மட்டும் என்றால் ஜீன்ஸ் பொத்தானின் நிக்கல்.

துணியில் தொல்லை தருபவை இரண்டு: சாயம் ஒன்று, சுருக்கம் விழாமலிருக்கப் போடும் ரெசின் என்ற பிசின்பூச்சு இன்னொன்று. பாலியஸ்டர், நைலானுக்கு ஏற்றும் டிஸ்பர்ஸ் சாயங்கள் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. வியர்வையிலும் உராய்விலும் தோலுக்கு இறங்கிவிடும். கருநீலமும் கருப்பும் மோசம். டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124 இரண்டும் பேர்போனவை. பருத்திச் சாயத்தில் இந்தத் தொல்லை அபூர்வம். ஆனால் 'ரிங்கிள் ஃப்ரீ' சட்டை நூறு சதம் பருத்தியானாலும் நம்பாதீர்கள். அதிலுள்ள ரெசின், ஒவ்வாமை தரும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தை வெளிவிடும். துவைத்தால் குறையும், முழுதாகப் போகாது. வெக்கையும் வியர்வையும் சேர்ந்தால் மறுபடி கசியும்.

லேபிள் இல்லாத லைனிங், இன்ஸ்கர்ட் துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல மணந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும்.

உறுதி செய்வது, சந்தேகப் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனை வேறு வகை ஒவ்வாமைக்கானது, இதற்கு உதவாது. முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள். குளிக்கக் கூடாது, வியர்க்கவும் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையோ முதுகில் களிம்போ இருந்தால் முன்பே சொல்லுங்கள்; உண்மையான ஒவ்வாமையையே மறைத்துவிடும். ஒட்டியதை எடுத்த அன்று ஒன்றும் தெரியவில்லையென்று வீடு திரும்பிவிடுவதுதான் பெரிய தவறு. ஒட்டியதிலிருந்து 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடி காட்ட வேண்டும். சாயத்துக்கு ஒரு வாரம் கழித்தும் தெரியலாம். வழக்கமாக ஒட்டும் பொருட்களின் தொகுப்பில் துணிச்சாயங்கள் எல்லாம் இருக்காது. கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். சந்தேகத் துணியையும் பையில் கொண்டுபோங்கள், உள்தையலில் 2 செ.மீ. வெட்டி நனைத்து ஒட்டிப் பார்க்கலாம்.

பிறகு வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்தி, தளர்வாக. உள்ளாடைக்குக் குளோரின் ப்ளீச் வேண்டாம். எலாஸ்டிக் ரப்பரிலுள்ள ரசாயனம் அதனால் புதிய ஒவ்வாமைப் பொருளாக மாறும். துணியை மாற்றிய மறுநாளே ஆறிவிடாது, இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். அதற்குள் 'இதுவும் இல்லை போல' என்று பழைய லெக்கிங்ஸை எடுத்து மாட்டிவிடாதீர்கள்.