ஆசிய ஆய்வுகளில் முதுகலை முடித்தபின் சென்னையில் வேலை தேடிய அனுபவம்

தென், தென்கிழக்காசிய ஆய்வுகளில் முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் தேவை என்று குறிப்பிட்டு ஆள் கேட்கும் விளம்பரம் ஒன்றைக்கூட நான் வேலை தேடிய காலத்தில் சென்னையில் பார்த்ததில்லை. வேலைவாய்ப்புத் தளங்களில் பெயரைப் பதிவு செய்யும்போது படித்த பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு நீண்ட பட்டியல் விரியும். அதில் வரலாறு இருக்கும், அரசியல் அறிவியல் இருக்கும், சமூகப்பணிகூட இருக்கும், எங்கள் பாடம் மட்டும் இருக்காது. கடைசியில் உள்ள 'பிற' என்பதைத்தான் அழுத்த வேண்டும். இன்று ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் பார்க்கும் வேலை, அந்த முதுகலையில் படித்ததையே நாள்தோறும் கேட்கும் வேலை. இந்தப் பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி, இடையில் கடந்து வந்த வழியை எழுதுகிறேன்.

வகுப்பில் இருந்த பெரும்பாலானோர் முதலில் எண்ணியது குடிமைப்பணித் தேர்வைத்தான். அதற்கும் தமிழ்நாடு அரசின் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்பதால் பாடத்தின் பெயர் தடையாவதில்லை. வெளியுறவுப் பணிக்குத் தேர்வானவர்கள் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயம் கற்க வேண்டும் என்பதால், சீனமோ ஜப்பானியமோ முன்கூட்டியே தெரிந்திருப்பது வீண்போகாது. ஆனால் குறிப்பிட்ட பாடத்தில் பட்டம் கேட்கும் அரசுப் பணிகளில் நிலைமை வேறு. நம் பட்டம் வரலாற்றுப் பட்டத்துக்கோ அரசியல் அறிவியல் பட்டத்துக்கோ இணையானதா என்ற கேள்வி அங்கே எழும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பாடத்திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்துப் பரிந்துரைக்க, உயர்கல்வித்துறை அதன்மேல் அரசாணை வெளியிடும். இளங்கலை முடித்து இந்தப் பாடத்தில் சேரப் போகிறவர்கள், தங்கள் பட்டத்துக்கு அப்படி ஓர் அரசாணை இருக்கிறதா, இருந்தால் அது இணை என்கிறதா, இல்லை என்கிறதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துக்கொள்வது மிகவும் நல்லது. படித்து முடித்தபின் அதைத் தெரிந்துகொண்டு மனம் உடைந்தவர்களை நான் அறிவேன்.

ஆசிரியப் பணிக்கும் ஆய்வுக்கும் யு.ஜி.சி. நெட் தேர்வு உண்டு. 'பன்னாட்டு மற்றும் பிராந்திய ஆய்வுகள்' என்ற தனிப்பாடம் அதில் இருப்பது பலருக்குத் தெரியாது. அரசியல் அறிவியலில் எழுதுவதைவிட நம் பாடத்திட்டத்துக்கு அதுவே நெருக்கம். இரண்டு தாள்கள், 150 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நான் எழுதியபோது உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது; ஆய்வு உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்ட அந்த உதவித்தொகை இருந்திருந்தால் முனைவர் பட்டத்துக்குள் நுழைந்திருப்பேன். அது இல்லாமல் ஆய்வில் இறங்குவதற்கு வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலையில்தான் மொழியின் பக்கம் திரும்பினேன்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது இயல்பான வழி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியதும், ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டதும், அவற்றைப் பின்தொடர்ந்து உதிரிபாக நிறுவனங்கள் வந்ததும், கொரிய மொழிக்கும் ஜப்பானிய மொழிக்கும் இந்த ஊரில் நிலையான தேவையை உண்டாக்கிவிட்டன. கொரிய மொழியைக் கற்க இன்கோ மையமும், ஜப்பானிய மொழிக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை தமிழ்நாடு மையமும் இங்கேயே உள்ளன. முதுகலையின்போது ஜப்பானின் போருக்குப் பிந்தைய பொருளாதாரத்தைச் சற்று ஆழமாகப் படித்திருந்ததால் நான் ஜப்பானிய மொழியைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜே.எல்.பி.டி. என்ற தேர்வில், எளிதான என்-5 தொடங்கிக் கடினமான என்-1 வரை ஐந்து நிலைகள் உள்ளன. என்-5 முடித்தவுடன் வேலை கிடைக்கும் என்று சொல்லிச் சேர்ப்பவர்களை நம்ப வேண்டாம். தொழிற்சாலைகள் மொழிபெயர்ப்பாளர் பணிக்குப் பெரும்பாலும் என்-2 கேட்கின்றன. முன் அனுபவம் இருந்தால் சில இடங்களில் என்-3 போதும். ஆண்டுக்கு இருமுறை, ஜூலையிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கும். பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும், சென்னையில் இடங்கள் விரைவாக நிரம்பிவிடும். என்-2-இல் மொத்தம் 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மொழியறிவு, வாசிப்பு, கேட்டுப் புரிதல் என்ற மூன்று பகுதிகளிலும் தனித்தனியே 60-க்கு 19 வந்திருக்க வேண்டும். கேட்டுப் புரிதலில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த 'கான்ஜி' எழுத்துகளை எத்தனை நூறு மனப்பாடம் செய்திருந்தாலும் அந்த 50 நிமிடங்களில் அவை கைகொடுப்பதில்லை. அதற்காக ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.-யின் எளிய ஜப்பானியச் செய்திகளைக் கேட்டபடியே, பேசுபவரின் குரலோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியை விடாமல் செய்துவந்தேன். தேர்ச்சிக்கு அது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், பின்னால் நேர்முகத் தேர்வில் பேச வாய் வந்ததற்கு அதுதான் காரணம்.

ஏனென்றால் ஜே.எல்.பி.டி.-யில் பேச்சுத் தேர்வும் இல்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. என்-2 சான்றிதழோடு வருபவருக்குப் பேச வரும் என்று எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்வதில்லை. தாங்களே ஒரு சோதனை வைக்கிறார்கள். எனக்கு வைத்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேசையில் ஒரு வாடிக்கையாளர் புகார் அறிக்கை வைக்கப்பட்டிருந்தது. உலோகப் பாகம் ஒன்றின் துளை ஓரத்தில் பிசிறு நின்றிருக்கிறது. எந்தத் தேதியில் எத்தனை பாகங்களில் கண்டார்கள், பிசிறின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், அனுமதிக்கப்பட்ட அளவு என்ன என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. எதிரே ஒரு ஜப்பானியப் பொறியாளரும் பக்கத்தில் உற்பத்திப் பிரிவின் தமிழ் மேற்பார்வையாளரும் அமர்ந்திருந்தனர். அறிக்கையை முதலில் தமிழில் மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் கூறும் விளக்கத்தை ஜப்பானிய மொழியில் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். பொறியாளரின் கேள்வியைத் திரும்பத் தமிழில் கேட்க வேண்டும்.

அதில் மிகவும் திணற வைத்தது எண்கள். நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். ஜப்பானியர் பத்தாயிரத்தை ஓர் அலகாகக் கொண்டு அதை 'மான்' என்கிறார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மான், நம் ஒரு கோடி ஆயிரம் மான். மேற்பார்வையாளர் "3 கோடியே 20 லட்சம்" என்று சொல்லி வாய் மூடும் முன்பே 3,200 மான் என்று மனத்தில் மாறியிருக்க வேண்டும். தாளில் பூஜ்யங்களை எழுதிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தால் பேச்சு கடந்து போய்விடும். இந்த வேலைக்குத் தயாராகிறவர்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் உள்ள தொகைகளையெல்லாம் தினமும் மான் கணக்கில் உரக்கச் சொல்லிப் பழகினால் சில வாரங்களிலேயே கை வந்துவிடும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே உண்மையான ஒரு சாதகம் இருக்கிறது. இரு மொழிகளிலும் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் வருகிறது. வேற்றுமை உருபுகளைப் போலவே ஜப்பானியத்திலும் பெயருக்குப் பின்னால் சிறு சொற்கள் ஒட்டி நிற்கின்றன. ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டிய இடத்தில், தமிழுக்கு மாற்றுகிறவர் அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போகலாம். கூட்ட அறையில் ஆங்கிலம்தான் நடக்கும் என்றாலும், இயந்திரத்தின் அருகில் நின்று ஐ.டி.ஐ. படித்த ஒரு தம்பியிடம் பேசும்போது தமிழ்தான் வேலை செய்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளரின் மதிப்பு தனி.

சோதனையில் தேறி வேலையில் சேர்ந்தேன். தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ், காலைக் கூட்டம், தரக் கூட்டம், ஜப்பானிலிருந்து வரும் வல்லுநர்களோடு உற்பத்திப் பகுதியைச் சுற்றிவருவது என்று அந்த வாழ்க்கை போனது. அது நல்ல வேலைதான். ஆனால் என்னோடு சேர்ந்த மற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் எனக்கும் அதில் எந்த வேறுபாடும் இல்லை. நான் படித்த முதுகலை அங்கே கேட்கப்படவே இல்லை.

அது கேட்கப்பட்டது கொள்முதல் பிரிவில். எங்கள் உதிரிபாகங்களில் சில ஜப்பானிலிருந்தும் சில தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதலும், ஜப்பானுடனான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 1 முதலும் நடைமுறையில் உள்ளன. இவற்றின் கீழ் சுங்கவரிச் சலுகை பெற, சரக்கு உண்மையில் அந்த நாட்டில் உருவானதுதான் என்பதைக் காட்டும் மூலச் சான்றிதழ் வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தில் அதற்கு 'ஃபார்ம் ஏஐ' என்று பெயர். 2020 செப்டம்பரில் புதிய சுங்க விதிகள் வந்தபின், சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது, பொருள் எப்படி அந்நாட்டில் உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருந்து, சுங்க அதிகாரி கேட்டால் தர வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த விவரத்தை ஜப்பானியத் தலைமையகத்திடமும் தாய்லாந்துத் துணை நிறுவனத்திடமும் கேட்டு வாங்க ஆள் தேவைப்பட்டது. மொழிபெயர்க்கத்தான் என்னை அழைத்தார்கள்.

முதல் கூட்டத்திலேயே விவாதம் ஒரு பாகத்தில் முட்டி நின்றது. ஜப்பானிய எஃகைக் கொண்டு தாய்லாந்தில் கடைந்து சென்னைக்கு அனுப்பப்படும் பாகம் அது. ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதிப்படி, எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது ஏற்றுமதி நாட்டில் கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளுக்குள் உருவானதாக இருக்க வேண்டும். அதோடு, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் வகையைக் குறிக்கும் ஆறு இலக்கச் சுங்க எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். 1,000 ரூபாய் மதிப்புள்ள பாகத்தில் 700 ரூபாய் ஜப்பானிய எஃகு என்றால் மீதம் 30 விழுக்காடுதான், சலுகை கிடைக்காது. இந்தியாவுக்கு ஜப்பானோடும் ஒப்பந்தம் இருக்கிறதே, அந்த எஃகை ஏன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஜப்பானிய மேலாளர் கேட்டார். அவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்பதையும், ஆசியான் ஒப்பந்தத்தில் உறுப்பு நாடுகளின் பொருள்களை மட்டுமே சேர்த்துக் கணக்கிட முடியும் என்பதையும், ஜப்பான் அதில் உறுப்பு நாடு இல்லை என்பதையும் மேலாளரின் அனுமதி பெற்று, மொழிபெயர்ப்பாளராக அல்லாமல் என் சொந்தக் கருத்தாகவே விளக்கினேன். 1967-இல் பாங்காக் பிரகடனத்தில் தொடங்கி, ஆசியான் எந்தெந்த நாடுகளோடு எந்தெந்த ஒப்பந்தம் செய்தது, அவற்றின் உள்ளடக்கம் ஏன் ஒன்றுபோல் இல்லை என்பதை முதுகலையில் ஒரு முழுத் தாளாகப் படித்திருந்தேன். அந்தக் கூட்டத்துக்குச் சில மாதங்களுக்குப் பிறகு என்னை அந்தப் பிரிவுக்கே மாற்றிவிட்டார்கள். மொழி எனக்கு உள்ளே இடம் வாங்கித் தந்தது; அந்த இடத்திலிருந்து நகர்த்தியது பட்டப்படிப்பு என்றே உறுதியாக நம்புகிறேன்.

தொழிற்சாலை எல்லோருக்கும் ஒத்துவராது. ஆவணங்களிலும் கல்வெட்டுகளிலும் மனம் உள்ளவர்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் மின்னாக்கம், விவர அட்டவணை தயாரித்தல் போன்ற திட்டப் பணிகளை முனைவர் பட்டத்துக்கு முன்பே செய்து பார்ப்பது, அந்த வாழ்க்கை தனக்கு ஏற்றதா என்பதைத் தெளிவாக்கிவிடும். தமிழ் தெரிந்திருப்பது தென்கிழக்காசிய வரலாற்றில் சிறிய தகுதி அன்று: சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டின் வணிகக் குழுக் கல்வெட்டும், சீனத்தின் குவான்சோவில் கிடைத்த 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் தமிழில் உள்ளவை. வரலாற்றாய்வாளர் நொபோரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துச் சோழர் கால நில உரிமையை ஆராய்ந்தார். இங்கிருந்து அந்தத் திசையில் செல்ல நம் மாணவர்கள் தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. தென்கிழக்காசியாவை ஆராயும் சிங்கப்பூரின் ஐசீஸ்-யூசோஃப் இஷாக் நிறுவனத்தின் வெளியீடுகளைப் படித்தால், அங்கே எத்தகைய கேள்விகளுக்கு இடம் இருக்கிறது என்பது விளங்கும்.

தன்விவரக் குறிப்பை எப்படி எழுதுவது என்று கேட்டு வரும் மாணவர்களிடம், பட்டத்தின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே படித்த தாள்களில் வேலைக்குத் தொடர்புள்ள இரண்டை மட்டும் விளக்கி எழுதச் சொல்கிறேன்: "ஆசியான் வணிக ஒப்பந்தங்கள் குறித்த ஆய்வேடு" என்ற வரி, 'ஆசிய ஆய்வுகள்' என்ற சொல் தராத விவரத்தைக் கொள்முதல் மேலாளருக்குத் தருகிறது. வேலைவாய்ப்புத் தளங்களில் பாடத்தின் பெயரால் தேடாமல், ஏற்றுமதி-இறக்குமதி ஆவணம், வணிக ஒப்பந்த இணக்கம், மொழிபெயர்ப்பாளர், சந்தை ஆய்வு என்று வேலையின் பெயரால் தேட வேண்டும். ஆய்வேட்டுத் தலைப்பை இன்னும் முடிவு செய்யாதவர்கள் முதலாம் ஆண்டிலேயே மொழி வகுப்பிலும் சேர்ந்துவிட்டால், பட்டமும் என்-3 சான்றிதழும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கைக்கு வரும். என்-2-க்கு அதன்பின் செலவாகும் காலம் வேலை தேடும் காலத்தோடு சேர்ந்தே கழிந்துவிடும்.