ஆம்ப்பின் பின்பக்கம்

போன தை மாதம் வேலூர் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் கிட்டார் வாசிக்கப் போனேன். நாலரை மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால் மேடையில் எனக்காக ஒரு ரோலண்ட் ஜேசி-120 கிட்டார் ஆம்ப் உட்கார்ந்திருக்கிறது. எந்த ஆம்ப் வருகிறது என்று சவுண்ட் சர்வீஸில் முதல் நாளே கேட்பது என் வழக்கம். "நல்ல ஆம்ப்தான் சார், கவலைப்படாதீங்க" என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். அன்றைக்கு அது உண்மையாகவே இருந்தது.

நான் தூக்கிக்கொண்டு போவது ஒரு ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப். லைன் 6 இதை 2018இல் கொண்டுவந்தது. ஆம்ப், கேபினெட் என்கிற ஸ்பீக்கர் பெட்டி, எஃபெக்ட் எல்லாவற்றின் ஒலியும் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் அடக்கம். வாங்கிய புதிதில் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி ரெண்டு மணி வரை சவுண்ட் செய்தேன். தேன் மாதிரி இருந்தது. மறுநாள் மேடையில் வாடகை ஆம்ப்பின் முன்பக்க இன்புட்டில் செருகினேன். போர்வைக்குள் இருந்து யாரோ பேசுவது போலக் கேட்டது. நடுப்பாட்டில் என் லீடு எனக்கே கேட்கவில்லை.

காரணம் எளிது. பெட்டி ஏற்கெனவே ஒரு ஆம்ப்பாகவும் ஸ்பீக்கராகவும் அதன் முன் வைத்த மைக்காகவும் நடிக்கிறது. அதை மறுபடியும் ஒரு நிஜ ஆம்ப்பின் ப்ரீஆம்ப்பிலும் (ஒலியின் குணத்தை அமைக்கும் முன்பகுதி) ஸ்பீக்கரிலும் விட்டால், வெந்த சாதத்தை இன்னொரு முறை குக்கரில் ஏற்றிய கதைதான். குழைந்துவிடும்.

அதற்கப்புறம் நான் முன்பக்கம் போவதே இல்லை. ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட் லூப்பின் (வெளி எஃபெக்ட்டுக்கு ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் வழி) 'ரிட்டர்ன்' துளை இருக்கும். அதில் செருகினால் ப்ரீஆம்ப்பைத் தாண்டி ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு நேராகப் போய்விடும். ஆம்ப்புக்குப் போகும் ஒலியில் மட்டும் பெட்டியின் கேபினெட் இருக்கக் கூடாது. நிஜ ஸ்பீக்கர்தான் எதிரே இருக்கிறதே. ஆனால் மிக்ஸருக்குப் போகும் ஒலிக்குக் கேபினெட் வேண்டும். அதனால் பெட்டிக்குள் கேபினெட்டை அணைக்காமல், அதற்கு முன்னால் ஒலியைத் தனியாக வெளியே பிரித்துவிடும் ஒரு சென்ட் பிளாக் போட்டு அங்கிருந்து ஆம்ப்புக்கு ஒரு ஒயர், மெயின் அவுட்டிலிருந்து டிஐ பாக்ஸ் (மிக்ஸருக்கு ஏற்றபடி சிக்னலை மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு ஒரு ஒயர். இருக்கிற எட்டு பிளாக்கில் ஒன்று இதற்கே போய்விடும். போகட்டும்.

வேலூரில் நடந்தது வேறு. ஜேசி-120இல் ரிட்டர்னில் செருகினால் முன்னால் இருக்கும் வால்யூம் வேலை செய்யாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் பழக்க தோஷம், வால்யூமை பூஜ்யத்தில் வைத்துவிட்டு தைரியமாக ஒரு ஈ கார்டு அடித்தேன். லூப்புக்கு அருகே -20, +4 என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அது மெல்லிய சிக்னலுக்கான -20இல் இருந்தது, என் பெட்டியோ அதைவிடப் பலமான லைன் லெவலில் அனுப்பிக்கொண்டிருந்தது. மண்டபமே அதிர்ந்தது. ஏணி மேல் நின்று பூ கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையால் வளைவைப் பிடித்தபடி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "தம்பி, இன்னும் முகூர்த்தமே ஆகலப்பா" என்றார்.

இப்போதெல்லாம் சென்ட் லெவலை அடியோடு குறைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறேன். ஜேசி-120இன் ஸ்பீக்கர்கள் கூர்மையானவை. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் வெட்டினால்தான் காதுக்கு இதம்.

இரைச்சல் பற்றி ஒன்று. ஆம்ப்பையும் மிக்ஸரையும் ஒரே நேரத்தில் இணைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரலாம். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (சிக்னல் ஒயரின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிப்பது) தட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்காதீர்கள். அதைச் செய்யத் தயாராக ஒரு கையில் கட்டிங் பிளேயரோடு நிற்கும் பையன்களை ஊர் ஊருக்குப் பார்த்திருக்கிறேன்.

அன்று கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது சவுண்ட் சர்வீஸ்காரர் கேட்டார்: "அண்ணே, எல்லாம் அந்த டப்பாவிலயே வருது, அப்புறம் எதுக்கு ஆம்ப் வாடகைக்கு?" மேடையில் எங்களுக்காக வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் பாடகர்கள் குரலைத் தவிர வேறொன்றும் வராது என்பதை அவரிடமே எப்படிச் சொல்வது? முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் காற்று அடித்தால்தான் எனக்கு வாசிக்க வரும் என்றேன்.

அடுத்த வாரம் அவரே ஒரு கீபோர்டு ஆம்ப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தார். பின்னால் ரிட்டர்ன் துளை இல்லை. கீபோர்டு ஆம்ப் கிட்டார் ஆம்ப் மாதிரி ஒலிக்குத் தன் நிறத்தைப் பூசாது. சரி என்று கேபினெட்டோடு வரும் ஒலியையே எடுத்து, முன்பக்கமே செருகினேன்.