டைப் அடித்து வந்த தீர்மானம்

கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் சூடாக இருந்த காலத்தில் நான் ராதாபுரம் பக்கம் ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினர். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், இதன் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக 'சயின்ஸ்' இதழிடம் சொன்னார். அப்புறம் டீக்கடையில் புதுமுகம் யார் வந்தாலும் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தோம்.

எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் அது டாலர் பற்றியது அல்ல. மே தினக் கிராம சபைக்கு வெளியூரிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். தீர்மானம் டைப் அடித்தே கையில் இருந்தது, அணு உலை வேண்டாம் என்று. நம்ம ஊர்க் குடிதண்ணீர்ப் பிரச்சினை கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. அணுசக்தி மத்திய அரசுப் பட்டியலில் இருக்கிறது. ஊராட்சித் தீர்மானம் அதை அசைக்காது என்பது வந்தவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது பத்திரிகைக்குக் காட்ட ஒரு முத்திரை. ஊர் பேரைக் கடன் வாங்குகிறவர் யார், எந்தப் பணத்தில் வருகிறார் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. கேட்டேன், பதில் வரவில்லை.

அதற்காகப் போராட்டம் நடந்த இடிந்தகரை ஊர் மீனவர்களைத் தேசவிரோதி என்பதா? ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போட்டது சுத்த அபத்தம். கடலை நம்பிப் பிழைப்பவன் பயப்பட வெளிநாட்டுப் பணம் தேவையா என்ன? வெளிநாட்டு நன்கொடையைக் கண்காணிக்க 2010 சட்டம் இருக்கிறது. கணக்கைத் தோண்டட்டும், வலை பின்னும் கிழவியை விட்டுவிடட்டும்.