ஓர்சேயில் படிக்க வருபவர்களுக்கு: முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம்

2023 செப்டம்பரில் பாரிஸ்-சக்லே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை படிக்க வந்தேன். பழைய வளாகம் இருப்பது ஓர்சேயில், பாரிசுக்குத் தென்மேற்கே, ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயில் பாதையில். அணு விஞ்ஞானிகளான ஜோலியோ-கியூரி தம்பதி அணு இயற்பியலுக்காகத் தொடங்கிவைத்த இடம் என்பதால் அங்கே படிக்க எனக்கு அவ்வளவு ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்பார்கள், வீட்டுக்காரரோ பிரான்சில் சம்பாதிக்கும் ஒருவரை ஜாமீனாகக் கேட்பார், மருத்துவக் காப்பீட்டுக்கும் வீட்டு வாடகை உதவிக்கும் வங்கிக் கணக்கு எண் வேண்டும், இப்படி ஒன்று இன்னொன்றுக்காகக் காத்து நிற்கும். இதை அவிழ்க்க ஒரே வழி வீட்டில் தொடங்குவதுதான். விசா கையில் வந்ததுமே ‘விசால்’ என்ற ஜாமீன் திட்டத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் கிடையாது, வாடகை பாக்கி விழுந்தால் வீட்டுக்காரருக்கு அந்தத் திட்டமே பொறுப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும், பின்னால் வாங்கிக் கொடுத்தால் செல்லாது. வீடு அமையும்வரை ஒரு சீனியர் அண்ணன் அறையில் தங்கினேன். இவர் என்னோடுதான் இருக்கிறார் என்று அவர் எழுதித் தந்த கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், மின்கட்டண ரசீது, இந்த மூன்றையும் வைத்தே வங்கிக் கணக்கு கிடைத்துவிட்டது.

வீடு தேடும்போது உங்கள் வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்று கட்டாயம் பாருங்கள். பழைய வளாகம் இவெத் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மரங்களுக்கு நடுவே அவ்வளவு அழகாக இருக்கும். புதிய கட்டடங்கள் பல மேலே மூலோன் மேட்டு நிலத்தில். ல கிஷே நிலையத்தில் இறங்கினால் அங்கே போகப் பேருந்து உண்டு, இல்லையென்றால் மேடேறி நடக்க வேண்டும், குளிர்காலக் காலையில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

விசாவை வந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், அதற்கு நான் வந்த 2023இல் 50 யூரோ. பல்கலைக்கழகப் பதிவுக்கு முன் கட்டும் மாணவர் வாழ்க்கைக் கட்டணம் அந்த ஆண்டு 100 யூரோ. இவை இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன.

அதிகம் இழுத்தது மருத்துவக் காப்பீடுதான். முதலில் தற்காலிக எண் தருவார்கள், பிறப்புச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே நிரந்தர எண். அதில் அப்பா அம்மா பெயர் இருக்க வேண்டும். நம் ஊரில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் பலருடைய சான்றிதழில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும், புறப்படும் முன்பே நகராட்சியில் பெயரைச் சேர்த்து வாங்கி வாருங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நீதிமன்ற அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். பாரிசில் தமிழுக்கே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஆள் சொன்னது பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஒரு ஈழத்துக் கடைக்கார அக்கா. ஓர்சேயிலிருந்து ரயில் மாறாமல் கார் து நோர் நிலையம் வரை போய், அங்கிருந்து நடந்தே போகலாம்.

வாடகை உதவிக்கு நான் குடிபுகுந்த உடனே விண்ணப்பித்தேன். முதல் மாதத்துக்கு அது வரவில்லை, அந்த வாடகைப் பணத்தையும் வீட்டு முன்பணத்தையும் ஊரிலிருந்தே கையில் கொண்டுவர வேண்டும்.