ஹான்லே இரவும் டார்க் ஃபிரேம்களும்

லடாக்கின் லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டிப் போகும் சாலை, லோமா பாலம் தாண்டியதும் ஹான்லே பக்கம் திரும்புகிறது. 2022இல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். சரஸ்வதி மலைமேல், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி நிற்கிறது. அதை இயக்குபவர்கள் பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் இருக்கிறார்கள். அதன் சிசிடி சென்சரைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறார்கள். சாதாரண டிஎஸ்எல்ஆரோடு வருபவர்களுக்குத்தான் வெப்பநிலை பெரிய பாடு.

நகரத்தில் வான்வெளிச்சமே சென்சர் தானாகச் சேர்க்கும் புள்ளி இரைச்சலை அமுக்கிவிடும். ஹான்லேயில் பின்னணி அவ்வளவு கருப்பு என்பதால் ஒவ்வொரு சூடான பிக்சலும், அதாவது ஒளி படாமலே பளிச்சிடும் பிக்சலும், தனியாகத் தெரியும். கும்மிருட்டு வானத்தில்தான் டார்க் ஃபிரேம், அதாவது இந்தப் பிக்சல்களைக் கழிப்பதற்காக லென்ஸை மூடி எடுக்கும் படம், சரியாக இருக்க வேண்டும்.

சென்சரின் இருள் மின்னோட்டம் (ஒளி இல்லாமலே வெப்பத்தால் சேரும் மின்னேற்றம்) ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 12 டிகிரி வித்தியாசம் என்றால் நான்கு மடங்கு. அதன் இரைச்சல் இரண்டு மடங்கு. செப்டம்பரில் மாலைக்கும் விடியலுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் இறங்குவது இங்கே சாதாரணம். அறைக்குள் எடுத்த டார்க்கைப் பின்னிரவுப் படங்களில் கழித்தால், சூடான பிக்சல் இருந்த இடமெல்லாம் கரும்புள்ளியாகக் குழி விழும்.

காற்றின் வெப்பநிலையை நம்பாதீர்கள். தொடர்ந்து படமெடுக்கும்போது சென்சர் அதைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும்; லைவ் வியூ இன்னும் ஏற்றும். ஃபோகஸ் முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். கேனான் கேமராக்கள் பலவும் ரா கோப்போடு சேரும் எக்ஸிஃப் தகவலில் கேமராவின் உள் வெப்பநிலையைப் பதிகின்றன, எக்ஸிஃப்டூல் மென்பொருளில் பார்க்கலாம். அந்த எண்ணை வைத்து லைட் ஃபிரேம்களை (வானத்தை எடுத்த படங்களை) 2–3 டிகிரி வித்தியாசத்தில் குழு பிரியுங்கள். முதல் அரைமணி நேரம் கேமரா சூடேறிக்கொண்டே போகும், அந்தப் படங்கள் வேறு குழுவில் விழும்.

ஒவ்வொரு குழுவுக்கும் அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷரில் 20–30 டார்க். லென்ஸ் மூடி மட்டும் போதாது, வியூஃபைண்டரையும் மூடுங்கள். வெளிச்சம் அதன் வழியே கசியும். குழுக்களுக்கு நடுநடுவே எடுப்பது நல்லது, ஆனால் நல்ல வானத்தை இழக்க மனம் வராது. அடுத்த மேகமூட்ட இரவில் கேமராவை வெளியே வைத்தே எடுத்துவிடலாம், எக்ஸிஃபில் எண் பொருந்தினால் சரி. கேமராவிலேயே உள்ள நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம் அணைந்திருக்கட்டும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரம் ஒரு டார்க் எடுப்பதால் அது பாதி இரவைத் தின்னும்.

டார்க்கிலேயே பயஸ், அதாவது சென்சரைப் படிக்கும்போது ஒவ்வொரு பிக்சலிலும் சேரும் அடிப்படை அளவு, அடங்கியிருக்கிறது. டார்க்கை அப்படியே கழித்த லைட்டிலிருந்து பயஸைத் தனியாகவும் கழித்தால் நிழற்பகுதி பூஜ்ஜியத்தில் வெட்டுப்படும், லென்ஸின் ஓர இருட்டைச் சரிசெய்யும் ஃபிளாட் படமும் சரியாகத் திருத்தாது. டார்க்கை வெப்பநிலைக்கேற்ப அளவிடும் மென்பொருள் வசதிக்கு மட்டும் பயஸ் தனியாக வேண்டும். ஓரத்தில் ஆம்ப் குளோ (சென்சரின் மின்சுற்றால் வரும் ஒளிர்வு) உள்ள சென்சரில் அந்த வசதி பயன்படாது, ஏனென்றால் குளோ மற்ற பிக்சல்களின் விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை.

வெப்பநிலையே பதியாத கேமராவா? பொருந்தாத டார்க்கைவிட டிதரிங் மேல். ஒவ்வொரு சில படத்துக்கும் சட்டகத்தைப் பத்துப் பதினைந்து பிக்சல் நகர்த்தி, படங்களை அடுக்கும்போது சிக்மா கிளிப்பிங் (மற்ற படங்களோடு பொருந்தாத பிக்சல் மதிப்பை நீக்கும் முறை) போடுங்கள். நகர்வு ஒரே திசையில் போனால் படம் முழுக்கக் கோடு கோடாக இரைச்சல் நிற்கும்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உபரியை ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். அறைக்குள் போகுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். உள்ளே அறைச்சூட்டுக்கு வந்த பிறகே பையைத் திறக்கலாம், இல்லாவிட்டால் சென்சர் கண்ணாடியிலேயே ஈரம் படியும்.